ஈஆர்பிநெக்ஸ்ட்ல சைட் மெட்டீரியல் பர்ச்சேஸ்: கம்பி, சிமெண்ட், எம்சாண்ட் கணக்கு குழம்பாம இருக்க

சின்ன பில்டர் ஆபீஸ்ல மெட்டீரியல் வாங்குறது இன்னும் போன்லயும் வாட்ஸ்அப்லயும்தான் ஓடுது. மேஸ்திரி சொல்வாரு, இன்ஜினியர் கடைக்கு போன் போடுவாரு, லோடு இறங்கிடும், மாசக் கடைசில பில் வரும்போதுதான் இது எந்த சைட்டுக்குன்னு தேட ஆரம்பிப்போம். இதை ஈஆர்பிநெக்ஸ்ட்ல, அதாவது கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற சாஃப்ட்வேர்ல, கொண்டு வந்தா நிஜமாவே தலைவலி குறையும். சாஃப்ட்வேர் போட்டு, கம்பெனி, சப்ளையர் எல்லாம் ஏத்தி வச்சிருக்கீங்கன்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

முதல்ல ஒவ்வொரு சைட்டையும் ஒரு வேர்ஹவுஸா போடுங்க, ப்ராஜெக்ட்டும் தனியா. சைட் அஞ்சு இருந்தா வேர்ஹவுஸும் அஞ்சு, எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு போட்டா எந்த சைட்டுல எவ்வளவு ஸ்டாக்னு தெரியாது.

அடுத்து ஐட்டம். இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. கம்பியை கடைக்காரர் டன் கணக்குல விக்கிறாரு, சைட்டுல எண்ணிக்கைல கேக்குறாங்க. சைட்டு பழக்கத்துக்கு ஸ்டாக் அளவை (ஸ்டாக்கை எந்த அலகுல கணக்கு வைக்கிறோம்ங்கிறதை) 'நம்பர்ஸ்'னு வச்சுட்டா 2 டன் 12 எம்எம் கம்பிக்கு ஆர்டர் போடும்போது அது 187.4 கம்பின்னு கணக்கு வரும், நம்பர்ஸ்க்கு 'மஸ்ட் பி ஹோல் நம்பர்' (முழு எண்ணா மட்டும்தான் இருக்கணும்) டிக் ஆகியிருக்கும், உடனே எரர். அந்த டிக்கை எடுத்துவிடாதீங்க, ஸ்டாக் அளவை கிலோன்னு வைங்க. டன்னுக்கு கன்வர்ஷன் 1000, அதாவது ஒரு டன்னுக்கு 1000 கிலோ. 'கம்பி'ன்னு புதுசா ஒரு அளவு உருவாக்கி 12 எம்எம்முக்கு 10.67 கிலோ போடுங்க, 8 எம்எம்முக்கு 4.74. கணக்கு சிம்பிள்தான்: எம்எம்ல இருக்க விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டர் எடை, அதை ஒரு கம்பியோட நீளமான 12 மீட்டரால பெருக்கணும். எடை மாறுறதால ஒவ்வொரு விட்டமும் தனி ஐட்டம். ஒரு தடவை ஸ்டாக் என்ட்ரி ஆயிடுச்சுன்னா ஸ்டாக் அளவை மாத்த விடாது, அதனால ஆரம்பத்துலயே பாத்துக்கோங்க.

சிமெண்ட் சுலபம், ஸ்டாக் அளவு மூட்டை, டன்னுக்கு 20. டேக்ஸ் டெம்ப்ளேட் மட்டும் பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 28 சதவீதம் இல்ல, 18.

இனி வரிசை இதுதான்: சைட் இன்ஜினியர் மெட்டீரியல் ரெக்வஸ்ட் போடணும், அதுல இருந்து ரெண்டு மூணு கடைக்கு கொட்டேஷன் கேக்கணும், அப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர். ரேட் ஒப்பிடும்போது லாரி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேத்து பாருங்க, வெறும் ரேட் பாத்தா ஏமாந்துடுவோம்.

லோடு வந்ததும் பர்ச்சேஸ் ரிசீப்ட். இதை ஆபீஸ்ல உக்காந்து பில்லைப் பாத்து போடவே கூடாது, சைட்டுல இருக்கவர் மொபைல்லயே எடைமேடை சீட்டைப் பாத்து போட்டு அந்த சீட்டையும் போட்டோ எடுத்து சேத்துடணும். கட்டி தட்டின சிமெண்ட் மூட்டை வந்தா ரிஜெக்டட் குவான்டிட்டில போடுங்க. 2 டன் ஆர்டருக்கு 2.03 டன் வந்தா எரர் வரும், அதுக்கு கம்பி ஐட்டத்துல ஓவர் ரிசீப்ட் அலவன்ஸ் (ஆர்டரை விட எவ்வளவு கூட வந்தா ஏத்துக்கலாம்ங்கிற வரம்பு) 2 சதவீதம் வச்சா போதும். எண்ணிப் பாத்த கம்பியும் எடையும் அச்சா ஒத்துப்போகாது, 12 எம்எம்முக்கு 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம்னு கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786லயே அனுமதி இருக்கு. எடைமேடை சீட்டுதான் கணக்கு.

பையிங் செட்டிங்ஸ்ல ஆர்டரும் ரிசீப்ட்டும் இல்லாம இன்வாய்ஸ் போட முடியாதபடி ரெண்டையும் 'எஸ்' பண்ணிடுங்க. அக்கவுண்ட்டன்ட் முதல் மாசம் சண்டை போடுவாரு, விட்டுக்கொடுக்காதீங்க. டேலி பழக்கம் உள்ளவங்க கணக்கை அதுலயே வச்சுக்கலாம், ஆனா சைட் ஸ்டாக்குக்கு என் ஓட்டு ஈஆர்பிநெக்ஸ்ட்டுக்குத்தான்.

பின் சேர்க்கை: எம்சாண்டுக்கு என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஸ்டாக் அளவு கன அடி வைங்க, 'மணல் யூனிட்'னு ஒரு அளவு போட்டு கன்வர்ஷன் 100. டன்ல வாங்காதீங்க, ஈர மணல்ல தண்ணிக்கும் சேத்து காசு போகும். லாரி பாடியோட நீளம், அகலம், மணல் நிக்குற உயரம் டேப் வச்சு அளந்து, வந்த கன அடியை அப்படியே ரிசீப்ட்ல போடுங்க.