பல மாதம் நின்ற சின்ன விமான எஞ்சினில் ஆயில் பிரஷரை வரவைப்பது எப்படி?

ஹேங்கரில் பல மாதம் நின்ற செஸ்னா 172-ஐப் பார்த்ததும் சாவியைத் திருப்பத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். அதன் பல மாடல்களில் உள்ள லைக்கமிங் ஓ-320 எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) மேலே இருக்கிறது, கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கீழே. நின்ற நாளில் மேலிருந்த ஆயில் பெரும்பாலும் வடிந்திருக்கும். உலர்ந்த கேம் ஓடும் முதல் சில நொடிகளில் விழும் கீறலைப் பிறகு எந்த ஆயிலும் ஆற்றாது. எனவே முதலில் பிரஷர், பிறகுதான் தீப்பொறி. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் எஞ்சினின் கையேட்டைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

முதலில் கவ்லிங்கை (எஞ்சின் மேல்மூடியை) கழற்றிப் பாருங்கள். பறவைக் கூடு இருக்கலாம். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். எரிபொருள் வால்வை மூடி, மிக்ஸ்ச்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) பிடியை வெளியே இழுத்து, மேக்னெட்டோவை (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி) ஆஃப் செய்யுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் அதிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தால் மேக்னெட்டோ தீப்பொறி விடும். அதனால் எல்லா பிளக் ஒயர்களையும் கழற்றிவிடுங்கள். புரொப்பல்லர் அருகே யாரும் நிற்கக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கீழ் பிளக்கைக் கழற்றுங்கள். தேங்கிய ஆயில் ஒழுகிவிடும். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குகளுக்குச் சுமையும் குறையும்.

இப்போது ஸ்டார்ட்டரை 10 முதல் 15 விநாடி சுற்றுங்கள். கண் ஆயில் பிரஷர் முள்ளிலேயே இருக்கட்டும். 20 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு, சதுர அங்குலத்துக்கு பவுண்டு) தொட வேண்டும். தொடாவிட்டால் அரை நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிட்டு மறுபடி சுற்றுங்கள். விடாமல் சுற்றினால் ஸ்டார்ட்டர் கருகிவிடும். முள் ஏறிய பிறகும் இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். திடீரென்று விழாமல் நின்றால்தான் நம்பலாம்.

பல முறை சுற்றியும் முள் அசையவில்லையா? பிரஷர் கேஜுக்குப் போகும் குழாயை எஞ்சின் பக்கம் தளர்த்திச் சுற்றுங்கள். ஆயில் கசிந்தால் கோளாறு கேஜிலோ குழாயிலோதான். சொட்டுகூட வராவிட்டால் பம்ப் காற்று வாங்கியிருக்கும். கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவதுபோல, பிரஷர் டாங்க் வைத்து எஞ்சினின் ஆயில் பாதைக்குள் ஆயிலைச் செலுத்த வேண்டும். முள் அசைந்தும் பிரஷர் குறைவாகவே இருந்தால் ரிலீஃப் வால்வை (மிகுதியான பிரஷரை வெளியேற்றும் வால்வு) கழற்றுங்கள். அதன் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு சிறு கரித்துகள் சிக்கினாலே போதும், பிரஷர் கசிந்துவிடும்.

இடையில் புரொப்பல்லரைக் கையால் சுற்றி 'ஆயில் பரப்பும்' பழக்கம் வேண்டாம். கேமில் மிச்சமிருக்கும் ஆயில் படலத்தையும் அது வழித்துவிடும் என்று லைக்கமிங்கே எச்சரிக்கிறது.

பிரஷர் விழாமல் நிலைத்ததும் தாமதிக்காமல் பிளக்குகளைப் பூட்டி, ஒயர்களை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து 1000 ஆர்.பி.எம்.மில் ஓடவிடுங்கள். 30 விநாடிக்குள் பிரஷர் காட்டாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். சூடேறியபின் ஓடும் வேகத்தில் 60 முதல் 90 பி.எஸ்.ஐ., ஐட்லிங்கில் குறைந்தது 25 இருக்க வேண்டும். அணைத்ததும் கசிவையும் டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவுகோல்) பாருங்கள். சில மணி நேரம் ஓடியபின் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் இருக்கிறதா என்று தேடுங்கள்.