மலைப்பூண்டைப் பிடுங்கியாச்சு, இனி அழுகாமல் காப்பது எப்படி?

கொடைக்கானல் மேல்மலையில் முதல் தடவையாகப் பூண்டு போட்டிருக்கிறீர்கள், தாள் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது, அவர்கள் தாராளமாக நகர்ந்துவிடலாம்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் சொன்ன கணக்குப்படி, அறுவடை முடிந்து சில்லறைக் கடைக்குப் போய்ச் சேரும் முன்பே உலகத்து உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் இது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில் நடப்பதில்லை. காட்டிலும் களத்திலும் வண்டியிலும் கிட்டங்கியிலும் நடக்கிறது. பூண்டைப் பொறுத்தவரை இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் கழுத்தில் நடக்கிறது. குமிழுக்கும் தாளுக்கும் நடுவே ஒடுங்கின இடம் இருக்கிறதே, அதுதான் கழுத்து. அது ஈரமாக இருக்கும்வரை பூஞ்சணம் உள்ளே இறங்க வழி இருக்கிறது. நன்றாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டால் பூண்டு மாதக்கணக்கில் நிற்கும்.

படி 1: தண்ணீரை நிறுத்துங்கள்

பிடுங்குவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பாய்ச்சலை நிறுத்திவிடுங்கள். கடைசித் தண்ணீர் குமிழைப் பெருக்க வைக்கும் என்று சொல்வார்கள், பெருப்பது பெரும்பாலும் ஈரம்தான்.

எப்போது பிடுங்குவது? அடி இலைகள் காய்ந்து, மேலே ஐந்தாறு இலை மட்டும் பச்சையாக நிற்கும்போது. ஒவ்வொரு இலையின் அடியும்தான் குமிழைச் சுற்றி ஒரு தோலாகிறது, ஆகவே எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் தோல்கள் மண்ணிலேயே மக்கி, பல் விரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் நாலைந்து இடத்தில் ஒவ்வொன்று எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: பல் புடைத்துத் தோலை நிரப்பி நின்றால் சரி. மே, ஜூனில் நட்டவர்களுக்கு அறுவடை நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். அப்போது நான்கு நாள் முன்னால் எடுத்தாலும் பாதகமில்லை, நான்கு நாள் மழையில் விட்டால் போச்சு.

படி 2: பிடுங்காதீர்கள், எடுங்கள்

தாளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கழுத்து கிழியும். பக்கத்து மண்ணைக் கொத்தால் நெகிழ்த்திவிட்டு, குமிழோடு சேர்த்துத் தூக்குங்கள். ஒட்டியிருக்கிற மண்ணை உதிர்க்க ஒன்றோடொன்று தட்டுவது, கூடையில் வீசுவது இரண்டும் வேண்டாம். அடிபட்ட பல் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும், ஒரு மாதம் கழித்து அங்கேதான் நீலப்பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும்.

கழுவவே கூடாது. மலையில் கேரட்டைக் கழுவி மினுக்கி அனுப்பிப் பழகிய கை, பூண்டையும் கழுவப் பார்க்கும். மண் காய்ந்தால் வெளித்தோலோடு தானே உதிர்ந்துவிடும்.

படி 3: காயவைத்தல்

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான், அவசரப்படாதீர்கள்.

மழை இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று நாள் காட்டிலேயே வரிசையாகப் பரப்பலாம், ஆனால் ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடுகிற மாதிரி. மேல்மலை வெயில் குளிருக்கு இதமாக இருக்கும், பூண்டுக்கு அப்படி இல்லை. நேர் வெயில் பட்ட பல் மெழுகு போல மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதற்கு மருந்தே கிடையாது.

அப்புறம் கட்டு. தாளோடு சேர்த்துக் கைக்கு அடங்குகிற அளவுக்குச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். பெரிய கட்டில் நடுவில் இருக்கிற நாலைந்து குமிழுக்குக் காற்றே போகாது, அழுகல் அங்கேதான் தொடங்கும். தகரக் கூரைக்கு அடியில் தொங்கவிடுகிறவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவுக் குளிரில் தகரம் வேர்த்து, நேராகக் கட்டின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். தகரத்துக்குக் கீழே ஒரு தட்டியோ சாக்கோ விரித்துக் கட்டிவிட்டால் போதும். சுவரை ஒட்டியும் தொங்கவிட வேண்டாம், மண்சுவர் ஈரம் இழுக்கும்.

மூன்று வாரம், மழைக்காலமென்றால் நான்கு வாரம்கூட ஆகும்.

அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டு, புகையும் சூடும் படவைக்கிற பழைய வழக்கத்தைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிடாதீர்கள். அதில் கணக்கு இருக்கிறது. பூண்டு விழித்து முளைவிடத் தோதான சூடு ஏறக்குறைய 5 முதல் 18 டிகிரி வரை, அதாவது நம் கொடைக்கானல் வீட்டின் சாதாரணக் குளிர்! மலையில் சும்மா ஓர் அறையில் போட்டுவைத்தால் இயற்கையே அதை எழுப்பிவிடும். அடுப்புப் பரண் சூடாகவும் உலர்வாகவும் இருப்பதால் தூக்கம் கலையாது, புகைக்குப் பூச்சியும் கிட்டே வராது. ஆனால் தீ நாக்கு படுகிற உயரத்தில் தொங்கவிட்டால் வெந்துவிடும், கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கிற உயரம் போதும்.

படி 4: காய்ந்ததா என்று பார்ப்பது

கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். உள்ளே ஏதோ வழுக்கினால் இன்னும் காயவில்லை. வெளித்தோல் காகிதம் மாதிரி சரசரக்க வேண்டும், வேர்த்தட்டு, அதாவது குமிழின் அடியில் வேர் கிளம்புகிற தட்டையான இடம், நகத்துக்கு மசியக் கூடாது. விரலை நம்பாதவர்கள் ஒரு கட்டுக்கு அடையாளம் வைத்து வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்குவது கிட்டத்தட்ட நின்றுபோனால் காய்ந்துவிட்டது.

படி 5: நறுக்கி, பிரித்து

தாளோடு தொங்கவிடப்போவதில்லை என்றால், கழுத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தாளை நறுக்குங்கள், வேரை ஒட்ட வெட்டுங்கள். காயும் முன் நறுக்கினால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

அடிபட்டது, விரிந்தது, கழுத்து தடித்தது மூன்றையும் தனியே எடுத்து முதலில் விற்றுவிடுங்கள், அல்லது வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவை நிற்கிற சரக்கு இல்லை.

படி 6: வைப்பது, அனுப்புவது

வலைப்பையோ, தரைபடாமல் பலகை மேல் மெல்லிய அடுக்கோ நல்லது. பாலித்தீன் வேண்டவே வேண்டாம். வீட்டுக் குளிர்பெட்டியும் வேண்டாம், அதன் குளிர் முளைக்கத் தோதான குளிர். உண்மையான குளிர்பதனக் கிடங்கில் பூண்டைப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி வைப்பார்கள், அது வேறு.

வீடியோக்களில் பார்த்துவிட்டு இரண்டு விஷயத்தைக் கேட்கிறார்கள். ஒன்று, காற்றுப் புகாத மூன்றடுக்குப் பை. 1980களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறில் வண்டு விழாமல் காக்க அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. காய்ந்த பயறுக்கும் தானியத்துக்கும் அருமையான சாமான், பூண்டு அதில் மூச்சு முட்டி அழுகும். இன்னொன்று, டெல்லி பூசாவில் இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்சாரமில்லாத குளிர் தொட்டி: இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஈர மணல். கேரட், பீன்ஸுக்கு ஈரக்காற்று வேண்டும், அதற்கு நல்லது. பூண்டுக்கு ஈரம்தான் எமன்.

மலைக்குக் கீழே வடுகபட்டிக்கோ வத்தலக்குண்டுக்கோ விற்க இறக்கும்போது மூட்டையைத் திணித்துக் கட்டாதீர்கள், வண்டியில் மூட்டை மேல் ஆள் உட்கார விடாதீர்கள். மழை இல்லாத நாளில் தார்ப்பாயை இறுக மூடவும் வேண்டாம், மலைக்குளிரிலிருந்து சமவெளிச் சூட்டுக்குப் போகும் சரக்கு வேர்க்கும்.

படி 7: விதைப்பூண்டு

விற்கிறதில் மிச்சத்தை விதைக்கு வைக்கிற பழக்கத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். தரம் பிரிக்கும்போதே நல்ல குமிழாகப் பார்த்து ஒதுக்குங்கள், பல் உடைக்காமல் முழுசாகவே தொங்கவிடுங்கள். நடுவதற்கு முதல் நாளோ அன்றைக்கோ உடைத்தால் போதும். பூஞ்சணம் பிடித்த குமிழை நல்லதோடு சேர்த்து அதே சாக்கில் உடைத்தால் தூள் பறந்து மற்ற பல்லிலும் ஒட்டிக்கொள்ளும், அதைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டைப் பிரியுங்கள்.