தார் பாலைவனப் பூவுக்குப் படத்தை வைத்துப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

ஜெய்சல்மேர், பார்மேர் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் போனால், மழை விழுந்த இடமெல்லாம் மணலில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஊர் திரும்பிப் பார்த்தால் போனில் முப்பது படம் இருக்கும், ஒன்றுக்கும் பெயர் தெரியாது. பூவை மட்டும் மேலிருந்து எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம்.

1. ஒரு செடிக்கு ஐந்து படம்

முழுச்செடி, நேர்முகமாகப் பூ, பக்கவாட்டில் பூ (அடியிலுள்ள பச்சைப் புல்லிவட்டம் தெரிய வேண்டும்), இலை தண்டோடு சேரும் கணு, காய். ஒரு படத்திலாவது பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் இருக்கட்டும். அதன் விட்டம் 27 மி.மீ.; பிறகு அளவு கணக்கிட உதவும்.

சின்னப் பூ என்றால் போன் அதை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் மணலில் ஃபோகஸ் பிடிக்கும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வையுங்கள். மஞ்சள் பூ நேர்வெயிலில் வெறும் மஞ்சள் திட்டாகிவிடும், மகரந்தத்தாள் எண்ண முடியாது. உங்கள் நிழல் அதன்மேல் விழும்படி நின்று, திரையில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். காலையிலேயே போவது நல்லது. நெருஞ்சி மாதிரிப் பூக்களின் இதழ் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

2. செயலியிடம் கேளுங்கள், ஆனால் முடிவை அதனிடம் விட்டுவிடாதீர்கள்

முதலில் பிளான்ட்நெட். இது பூவா, இலையா, காயா என்று படத்துக்குப் படம் சொல்ல முடிவதால் ஊகம் கொஞ்சம் நேராக இருக்கும். பிறகு ஐநேச்சுரலிஸ்ட், அங்கே மனிதர்களும் பார்த்துச் சொல்வார்கள். கூகுள் லென்ஸ் தோட்டச் செடிக்குச் சரி, பாலைவனக் களைக்கு நான் அதை நம்புவதில்லை. எந்தச் செயலியானாலும் அது தரும் முதல் பெயரை மட்டும் பார்க்காமல் முதல் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஒரே பேரினமாக (லத்தீன் பெயரின் முதல் சொல் ஒன்றாக) இருந்தால் பாதி வேலை முடிந்தது.

3. இலை, பிறகு காய்

எல்லோரும் வழுக்குவது இங்கேதான். ஐந்து இதழ், மஞ்சள் நிறம், தரையோடு படர்ந்த செடி என்றவுடன் 'நெருஞ்சி' என்று எழுதிவிடுகிறார்கள்.

கணுப் படத்தைப் பெரிதாக்குங்கள். புளிய இலைபோலச் சிற்றிலைகள் வரிசையாக இருந்து, எதிரெதிரே வரும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் ட்ரிபுலஸ், அதாவது நெருஞ்சிப் பேரினம். பிளவுபடாத ஒற்றை இலை, ஓரத்தில் பல் வெட்டு, செடி பாய் விரித்ததுபோல் மணலோடு ஒட்டிக்கிடக்கிறது என்றால் அது கோர்கோரஸ் டிப்ரெஸ்ஸஸ். சணல் செடியின் உறவு.

ட்ரிபுலஸ் என்று தெரிந்த பிறகும் எந்த இனம் என்று பூ சொல்லாது. காயைப் பாருங்கள். நட்சத்திரம் மாதிரி கெட்டியான கூர்முள் நீட்டிக்கொண்டிருந்தால் நம் ஊர் நெருஞ்சியேதான், ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். முள்ளுக்குப் பதில் பல் வெட்டிய இறகுபோல் விளிம்பு இருந்தால் ட்ரிபுலஸ் பென்டான்ட்ரஸ். காய்ப் படம் இல்லையா? 'ட்ரிபுலஸ்' என்பதோடு நிறுத்துங்கள். அதில் வெட்கமில்லை.

தமிழ்ப் பெயரை வைத்துத் தேடினால் இன்னொரு குழி உண்டு. யானை நெருஞ்சி நெருஞ்சியே அல்ல, எள்ளின் குடும்பம். அதன் பூ குழல்போல நீண்டிருக்கும்.

4. ஊரில் பார்த்ததுதானே என்று நினைக்காதீர்கள்

எருக்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் அதிகம் பார்ப்பது கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா: இதழ் விரிந்து பின்னால் மடங்கும், முழுக்க ஊதா அல்லது முழுக்க வெள்ளை. தாரில் அதிகம் இருப்பது கலோட்ரோபிஸ் ப்ரோசெரா: இதழ் கிண்ணம்போல நிமிர்ந்து நிற்கும், வெள்ளையில் நுனி மட்டும் ஊதா. மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது, பக்கவாட்டுப் படம் வேண்டும். எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், கருவிழியைக் கெடுக்கும்.

பூளையும் அப்படியே. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையில் பஞ்சுப்பூ இலைக்கக்கத்தில் குட்டையாக இருக்கும். தாரில் கிளை நுனியில் நீளக் கதிராக நின்றால் பெரும்பூளை.

5. வரைபடத்தில் சரிபார்த்தல்

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் உலகத் தாவரத் தளத்தில் (Plants of the World Online) அந்த லத்தீன் பெயரைப் போட்டு, இந்தியா அதன் பரப்பில் வருகிறதா பாருங்கள். அரிசோனாவில் மட்டும் வளரும் செடியைச் செயலி காட்டியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும். ஐநேச்சுரலிஸ்டில் 'ஆய்வுத் தரம்' (Research Grade) என்று வந்துவிட்டாலும், இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலே அது கிடைத்துவிடும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பின்சேர்ப்பு: வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் செயலியில் ஏற்றினால் இடம் காலியாக இருக்கிறதா? வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போதே இடக்குறிப்பை எடுத்துவிடுகிறது. அனுப்புகிறவரிடம் அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.