உப்புவெளிக் கட்டையில் ஒரு புகைக்கோல்

வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு கட்டு இலையைக் கொளுத்தி, கைப்பிடியில் பளிங்குக்கல் (குவார்ட்ஸ், மாபிள் இல்லை) மின்ன, வீடு முழுக்கப் புகை காட்டுவார்களே, அதைத்தான் நானும் செய்து பார்த்தேன். அவர்கள் எரிப்பது வெள்ளை சேஜ். கலிபோர்னியாப் பக்கத்துச் செடி, அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. வளவிலேயே நொச்சியும் வேம்பும் துளசியும் நிற்கும்போது அதை என்னத்துக்குக் காசு கொடுத்து வாங்குவது? அம்மம்மா நுளம்புக்கு மூட்டிய அதே புகைதான், கொஞ்சம் அலங்காரத்தோடு.

மாரியில் தொடங்காதீர்கள். என் முதல் கட்டு நவம்பரில் கட்டியது, நடுவெல்லாம் பூஞ்சணம். கச்சான் வீசும் மாதங்கள்தான் திருகோணமலையில் இதற்குத் தோது (கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று).

இலைக் காம்புகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஒரு நாள் நிழலில் வாடவிடுங்கள். பச்சையாகக் கட்டினால் காயும்போது சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும், முழுக்கக் காய்ந்ததைக் கட்டினால் நொறுங்கும். அப்புறம் இரண்டு விரல் பருமனுக்குச் சேர்த்து, பருத்தி நூலால் கீழிருந்து மேலே, திரும்ப மேலிருந்து கீழே குறுக்காக இறுக்குங்கள். நைலோன் வேண்டாம், உருகி நாறும். இரண்டு மூன்று வாரம் தலைகீழாகத் தொங்கட்டும். காம்பை முறித்தால் படக்கென்று சத்தம் வரவேண்டும். அலரியை மட்டும் எந்த நிறமானாலும் தொடாதீர்கள், புகையும் நஞ்சு. பெயர் தெரியாத இலைக்கும் அதே சட்டம்.

கைப்பிடிக்குத் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கரையொதுங்கிய கட்டை போதும். ஆனால் கடலுப்பு ஊறிய மரத்தை எரிக்கக்கூடாது, அதன் புகை கெட்டது. அதனால் இலைக்கட்டின் அடிப்பக்கம் நாலு விரல் அளவு எரியாமல் மிஞ்சுகிற மாதிரிப் பிணையுங்கள். முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) வடிவாக இருக்கிறதென்று பொறுக்க வேண்டாம், புறாத்தீவில் எதையுமே எடுக்க வேண்டாம், அது தேசியப் பூங்கா.

கல்லுக்கு வருவோம். கடற்கரையில் கிடைக்கும் பாதி 'பளிங்கு' அலை தேய்த்த போத்தல் துண்டுதான், நானும் ஒரு மாதம் ஏமாந்திருக்கிறேன். பழைய போத்தலில் கூரான முனையால் அழுத்திக் கீறுங்கள்: பளிங்கு என்றால் சுலபமாகக் கோடு விழும். அதைக் கைப்பிடியின் வால் பக்கம் செப்புக் கம்பியால் சுற்றுங்கள், நெருப்புப் பக்கம் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். கல்லுக்குச் சக்தி உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். வாலில் கனம் இருந்தால் கோல் கையில் நன்றாக நிற்கும், எனக்கு அது போதும்.

சரி, கொளுத்தலாம். நுனியில் பற்றவைத்து, சுவாலையை ஊதி அணைத்து, கீழே மண் போட்ட சிரட்டையைப் பிடித்தபடி நடங்கள். யன்னல் திறந்திருக்கட்டும், தொய்வுக்காரரும் (ஆஸ்துமா உள்ளவர்கள்) கைக்குழந்தையும் வெளியில் இருக்கட்டும். முடிந்ததும் நுனியை மண்ணில் குத்தி அணையுங்கள், அரை மணி கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உள்ளே தணல் ஒளிந்திருக்கும்.