செவிக்கல்லின் வடிவத்தைக் கொண்டு டிரவுட் இனங்களைப் பிரித்தறியும் முறை

துருக்கியின் வடகிழக்கே கருங்கடலில் கலக்கும் ஆறுகளில் சால்மோ ரிசேயென்சிஸ், சால்மோ கொருஹென்சிஸ் என்னும் இரண்டு டிரவுட் மீன் இனங்கள் வாழ்கின்றன. 2010-இல் தனி இனங்களாக விவரிக்கப்பட்ட இவற்றுள் முன்னது ஓடையிலேயே தங்கிவிடுவது. பின்னது கடலுக்குப் போய்த் திரும்புவது. வயதுக்கும் நீருக்கும் ஏற்ப டிரவுட்டின் நிறமும் புள்ளிகளும் மாறுவதால், இத்தகைய நெருங்கிய இனங்களைப் பிரிக்க, மீனின் உட்காதில் இருக்கும் சிறு சுண்ணாம்புக் கல்லான செவிக்கல்லின் வடிவம் கூடுதல் சான்றாகிறது.

முதலில் கல்லை எடுக்க வேண்டும். மீனின் மண்டையோட்டைக் கண்களுக்குச் சற்று மேலாகக் கிடைமட்டமாக வெட்டித் திறந்து மூளையை அகற்றினால், அதன் பின்பகுதிக்கு அடியில் இருபுறமும் உள்ள குழிகளில் 'சஜிட்டா' எனப்படும் வெண்ணிறக் கற்கள் தெரியும். மீனுக்கு உள்ள மூன்று இணை செவிக்கற்களில் இவையே டிரவுட்டில் பெரியவை. ஆனாலும் சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும் என்பதால் மெல்லிய இடுக்கியால் எடுத்து, சவ்வை நீக்கி, நீரில் கழுவி உலர்த்துங்கள். உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போடவே கூடாது; அதன் அமிலத்தன்மை கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து விளிம்பைச் சிதைத்துவிடும். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் கற்களையும் ஒதுக்கிவிடுங்கள். அவை கால்சியம் கார்பனேட்டின் வழக்கமான படிக வடிவமான அரகோனைட்டாக அல்லாமல், வாட்டரைட் என்னும் வேறொரு படிக வடிவில் உருவானவை. பண்ணை மீன்களில் மிகுதியாகக் காணப்படும் இவற்றின் ஒழுங்கற்ற வடிவம் இனத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்து, கருப்புப் பின்னணியில், மேலிருந்து விழும் ஒளியில், அளவுகோலுடன் படம் எடுங்கள். நீளவாக்கில் பள்ளம் ஓடும் பக்கம் எல்லாக் கற்களிலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். 'ரோஸ்ட்ரம்' என்னும் முன்முனையும் அவ்வாறே. எல்லா மீன்களிலும் இடப்பக்கக் கல்லையே பயன்படுத்துவது நல்லது.

இமேஜ்ஜே மென்பொருளில் பரப்பு, சுற்றளவு, நீளம், அகலம் ஆகியவற்றை அளந்தால், பரப்பை 4π-ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்து வடிவக் காரணியைப் பெறலாம். முழு வட்டத்துக்கு இது 1. இவ்வாறான எண்கள் எளியவையே எனினும், ரோஸ்ட்ரத்துக்கு அருகிலுள்ள வெட்டின் ஆழம் போன்ற நுட்பங்களை இவை தவறவிடும். அதற்கு நீள்வட்ட ஃபூரியே பகுப்பாய்வு தேவை. விளிம்புக் கோட்டை அலைக்கூறுகளாகப் பிரிக்கும் இம்முறையில் ஒவ்வொரு கூறும் நான்கு கெழுக்களைத் தரும். சீராக்கியபின் முதல் மூன்று மாறிலியாகிவிடுவதால், 12 கூறுகளுக்கு 45 எண்கள் மிஞ்சும். புள்ளியியலுக்கான 'ஆர்' (R) நிரல்மொழியின் ஷேப்ஆர் தொகுப்பு இதைச் செய்து தரும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மீன் வளர வளரக் கல்லின் வடிவமும் மாறும். ஒரு மாதிரியில் சிறிய ஓடை மீன்களும் மற்றொன்றில் கடலில் வளர்ந்த பெரிய மீன்களும் இருந்தால், கணினி பிரித்துக் காட்டுவது இனத்தையா உடல் அளவையா என்று தெரியாது. ஆகவே இரு இனங்களிலும் ஒத்த நீளமுள்ள மீன்களைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் உடல் நீளத்தோடு தொடர்புடைய கெழுக்களைத் திருத்துங்கள். அந்தத் தொடர்பு இனத்துக்கு இனம் வேறுபடும் கெழுக்களை நீக்கிவிடுங்கள்.

இறுதியாக, இந்த எண்களைக் கொண்டு மீன்களைக் குழுக்களாகப் பிரிக்கும் நேரியல் பிரித்தறி பகுப்பாய்வைச் செய்து, ஒவ்வொரு மீனாக விலக்கிவைத்து அதன் இனத்தை மற்றவற்றைக் கொண்டு கணிக்கச் செய்யுங்கள். இரு இனங்களும் சம எண்ணிக்கையில் இருந்தால், குருட்டு ஊகமே பாதி சரியாக இருக்கும் என்பதால், 60 விழுக்காட்டைக் கண்டு மகிழ வேண்டாம். 30 மீன்களுக்கு 45 கெழுக்களை ஊட்டினாலும் முடிவு நம்பத்தக்கதாக இராது. ஒப்பீட்டுக்கான மீன்களின் இனம் மரபணுச் சோதனை போன்ற வேறொரு வழியில் முன்பே உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.