மண்டபத்துக்கு எந்த பிளாஷ்?

பிளாஷ் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், நீங்கள் அதிகம் படமெடுக்கும் இடத்தின் கூரை எவ்வளவு உயரம் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த பிளாஷ் போதும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

பிளாஷின் பலத்தைச் சொல்வது கைடு நம்பர். அதைத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால், ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-இல் வைக்க வேண்டிய எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு) கிடைக்கும். கைடு நம்பர் 36, ஆள் நிற்பது 9 மீட்டரில் என்றால் எஃப்/4. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 60-ஐ மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது பிளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்து, ஒளியை ஒடுக்கி அளந்தது. அதே பிளாஷ் 35 மி.மீ.யில் சுமார் 36தான் தரும். இரண்டு பிளாஷை ஒப்பிடும்போது இரண்டுக்கும் 35 மி.மீ. எண்ணையே கேளுங்கள்.

இனி கூரைக் கணக்கு. ஒளியை முகத்தில் நேரே அடிக்காமல் கூரையில் பட்டுத் திரும்ப வைப்பதுதான் பவுன்ஸ். வீட்டில் கூரை 3 மீட்டர் உயரம், கேமரா 1.5 மீட்டரில், ஆள் 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். ஒளி மேலே போய்த் திரும்பி வரும் பாதை சுமார் 4.2 மீட்டர். எஃப்/4-க்குக் கைடு நம்பர் 17 வேண்டும். வெள்ளைக் கூரைகூட ஏறக்குறைய இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு ஒளியைத் தின்றுவிடும். நான்கு மடங்கு ஒளிக்குக் கைடு நம்பர் இரு மடங்கு வேண்டும், ஆகவே 34. ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் 36 கைடு நம்பர் பிளாஷ் 1/8 பவரில் வேலையை முடித்துவிடும்.

கல்யாண மண்டபத்தில் கூரை 6 மீட்டர் என்று வையுங்கள். பாதை 9.5 மீட்டர், இழப்பையும் சேர்த்து எஃப்/4-க்கு 76 வேண்டும். ஐ.எஸ்.ஓ. 1600-இல் அதே பிளாஷ் கிட்டத்தட்ட 1/4 பவரில் வெடிக்க வேண்டியிருக்கும். முடியாத காரியமல்ல. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கால் பங்கு பவர் போனால் செல் தீர்வதும் சூடேறுவதும்தான் தொல்லை. சின்ன பிளாஷ், அதாவது 35 மி.மீ.யில் 20-க்குக் கீழே உள்ளது, இங்கே முழு பவரிலும் திணறும். வண்ணத் துணி கட்டிய பந்தலில் கூரையில் பவுன்ஸ் செய்யவே வேண்டாம். முகத்தில் துணியின் நிறம் ஏறும், எடிட்டிங்கில் சரியாகப் போகாது. அங்கே ஸ்டாண்டில் குடையோடு தனி பிளாஷ் வைப்பதே நல்லது.

தலை மேலே 90 டிகிரி சாய்வதோடு பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். மேலே மட்டும் சாயும் பிளாஷில், கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பியதும் ஒளி கூரைக்குப் போகாமல் சுவருக்குப் போய்விடும்.

அடுத்தது ரீசைக்கிள் நேரம், அதாவது ஒரு முறை வெடித்தபின் அடுத்ததற்குத் தயாராக ஆகும் நேரம். வாங்குபவர்கள் குறைவாகக் கேட்பதும், முகூர்த்த நேரத்தில் அதிகம் வருந்துவதும் இதைப் பற்றித்தான். தாலி கட்டி அட்சதை விழுவதெல்லாம் சில வினாடிகள். அந்த நேரத்தில் பிளாஷ் சார்ஜ் ஆகவில்லையென்றால் படம் இருட்டு. நான்கு பென்சில் செல் போடும் பிளாஷ் என்றால் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் சரி. அல்கலைன் செல்லின் உள்தடை அதிகம். சில டஜன் முறை வெடித்ததும் ரீசைக்கிள் நேரம் நீண்டுகொண்டே போகும். கடிகாரத்துக்குப் போடும் சாதாரணச் செல் இதற்கு ஆகவே ஆகாது. நான்கில் ஒன்று சோர்ந்தாலும் நான்கும் சோர்ந்த மாதிரிதான். ஆகவே ஒன்றாக வாங்கிய நான்கையும் மார்க்கரில் எண் போட்டு, சேர்த்தே சார்ஜ் செய்யுங்கள். கல்யாணமே தொழில் என்றால் லித்தியம் பேக் உள்ள பிளாஷ் வாங்குங்கள். கோடாக்ஸ் நிறுவனத்தின் வி860 வகையில் முழு பவருக்கே ஒன்றரை வினாடி அளவில் சார்ஜ் ஆகிவிடும். எதுவானாலும் முழு பவரில் நிறுத்தாமல் வெடித்தால் உள்ளே சூடேறிப் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தலையில் ஒட்டியபடி வண்ண ஜெல் போட்டு அப்படிச் செய்தால் ஜெல் உருகி முன் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும்.

டிடிஎல்லா (பவரைக் கேமராவே முடிவு செய்வது) மேனுவலா (நாமே வைப்பது)? ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் டிடிஎல் தேவை. ஸ்டாண்டில் நிற்கும் பிளாஷுக்கு மேனுவல் போதும், விலையும் குறைவு. டிடிஎல் முதலில் ஒரு சிறு ஒளி விட்டு, திரும்பி வருவதை அளந்து, பிறகு நிஜமாக வெடிக்கிறது. பட்டுப்புடவைச் சரிகையும் வெள்ளை வேட்டியும் அந்த அளவைக் குழப்பும். நிறைய ஒளி வருகிறது என்று நினைத்துப் பவரைக் குறைக்கும், முகம் இருண்டு போகும். பிளாஷ் காம்பன்சேஷனை (டிடிஎல் பவரைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +2/3 அல்லது +1 ஏற்றிவையுங்கள்.

டிடிஎல் பிளாஷ் உங்கள் கேமராவுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். கோடாக்ஸில் மாடல் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: சி கேனனுக்கு, என் நிக்கானுக்கு, எஸ் சோனிக்கு, எஃப் ஃபியூஜிக்கு. கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் ஹாட் ஷூவில் (கேமராவில் பிளாஷ் மாட்டும் இடம்) நடுப் பின்னே கிடையாது. நடுப் பின்னை மட்டும் நம்பும் மலிவு மேனுவல் பிளாஷும் ட்ரிகரும் (தள்ளி வைத்த பிளாஷை வெடிக்கவைக்கும் கருவி) அதில் வேலை செய்யாது.

ஷட்டர் வேகத்தை 1/200 அல்லது 1/250 வினாடிக்கு மேல் கொண்டுபோனால் படத்தின் ஒரு பக்கம் கருப்புப் பட்டை விழும். ஹை ஸ்பீட் சிங்க் என்ற வசதி அதைத் தவிர்க்கும், ஆனால் பவர் வெகுவாகக் குறையும். வெயிலில் எஃப்/1.8 வைத்து ஆள் படம் எடுப்பவருக்குத்தான் அது அவசியம். கோடாக்ஸ் டிடி600 கேமராவின் மேல் இருக்கும்போது ஹை ஸ்பீட் சிங்க் செய்யாது, அதே நிறுவனத்தின் ட்ரிகரோடு தள்ளி வைத்தால் செய்யும்.

பிளாஷைக் கேமராவிலிருந்து எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ளதையே வாங்குங்கள். மற்றொரு பிளாஷின் ஒளியைப் பார்த்து வெடிக்கும் ஸ்லேவ் வகை மண்டபத்தில் உதவாது. விருந்தினர் கேமரா மின்னினாலும் உங்கள் பிளாஷ் வெடித்துவிடும்.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். முழு பவரில் பத்து முறை வெடித்து, ரெடி விளக்கு எரிய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். பழையது வாங்கினால் முன் கண்ணாடி பழுப்பேறியிருக்கிறதா, செல் அறையில் பச்சைக் கறை இருக்கிறதா, ஷூவில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஃபிலிம் காலத்து பிளாஷ் என்றால் கேமராவில் மாட்டுவதற்கு முன், செல் போட்டு ஆன் செய்து, ரெடி விளக்கு எரிந்ததும் ஷூவில் மாட்டும் காலின் நடுப் பின்னுக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். விவிடார் 283-இன் பழைய பிரதிகளில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் கருக அது போதும்.