படகின் குளிர்பெட்டி வியர்த்த கதை

மலேசியாவின் லங்காவி தீவில் நங்கூரமிட்டிருந்த எங்கள் பாய்மரப் படகில், குளிர்பெட்டியை ஒட்டிய அலமாரிப் பலகை எந்நேரமும் வியர்த்து, அங்கு வைத்த அரிசிப் பையின் அடியில் பூசணம் பூத்துக் கிடந்தது. 12 வோல்ட் கம்ப்ரசரோ ஓய்வின்றி ஓடி பேட்டரியைத் தீர்த்தது. பலகையைக் கழற்றியபோது, உள்ளிருந்த பழைய நுரை பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. ஈர நுரை வெப்பத்தைத் தடுக்காது என்பதால் அதை முழுவதும் சுரண்டியெடுத்து, நீரை எளிதில் உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி நுரைப் பலகைகளை 50 மில்லிமீட்டர் வீதம் இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பதித்தேன். ஈரக்காற்றைத் தடுக்கும் அலுமினியத் தாளை வெப்பமான வெளிப்புறத்தில்தான் ஒட்ட வேண்டும். முதலில் உட்புறம் ஒட்டி ஒரு நாளை வீணாக்கினேன். கனத்த குளிர்காற்று வடிகுழாய் வழியே வெளியேறுவதை, குழாயை வளைத்து அதில் நீர் தேங்கச் செய்து நிறுத்தினேன். இப்போது அலமாரி காய்ந்திருக்கிறது. கம்ப்ரசரும் இடையிடையே அடங்குகிறது.